கல்லடி முழங்கால் வகுப்பும் எனது ஒன்பது மாதங்களும்

முழங்கால் நோவுக்கு உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொல்லப்பட்டது 2020ஆம் ஆண்டில். அதை நான் ஒழுங்காகச் செய்யத் தொடங்கியது 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் கிளினிக்கில் தந்த உடற்பயிற்சித் தாள், ஆறு படங்கள் அச்சிட்ட ஒரு போட்டோப் பிரதி, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டுத் தொங்கியது. கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்தப் படத்து மனிதருக்குப் பேத்தி மீசை வரைந்தாள். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே, மட்டக்களப்பின் கல்லடியில் இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் நடத்தும் முழங்கால் வகுப்பைப் பற்றி நான் எழுதும் இந்த மதிப்பீட்டில், உடற்பயிற்சி நல்லதா என்று ஆராயப் போவதில்லை. நல்லது என்பது எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தெரியும். தெரிந்ததைச் செய்ய வைப்பதற்கு இவர்கள் என்ன செய்தார்கள், அது கொடுத்த காசுக்குப் பெறுமதியா, எங்கே கோட்டை விட்டார்கள் என்பவையே எனது விடயம்.

நான் அரசடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு, வலது பக்கம் கூடுதல். வகுப்புக்குப் போவதற்கு முன் நான் எதையும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. கதிரையில் இருந்தபடியே மிதிக்கும் சிறிய மிதி இயந்திரம் ஒன்றை மகன் நகரத்துக் கடையொன்றில் 9,500 ரூபாய்க்கு வாங்கித் தந்தார். எங்கள் வீட்டு வழுவழுப்பான தரையில் அது ஒவ்வொரு மிதிக்கும் ஒரு விரற்கடை முன்னே ஓடியது. நானும் கதிரையை இழுத்துக்கொண்டு அதன் பின்னால் போய், ஒரு கிழமைக்குள் விறாந்தையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சேர்ந்ததுதான் மிச்சம். இப்போது அது கட்டிலின் கீழே இருக்கிறது. யூடியூபில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் செய்து காட்டும் காணொளிகள் தெளிவானவை. அவற்றில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்து முடித்தவுடன் செய்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது.

வகுப்பு நடக்கும் இடம் கல்லடியில் ஒரு வீட்டின் முன் விறாந்தை. பெயர்ப்பலகை கிடையாது. ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் என்று மொத்தம் 12 வகுப்புகள். அவற்றுக்கு முன்பாக இரண்டு விளக்க உரைகள். நான் சேர்ந்தபோது கட்டணம் 6,000 ரூபாய். அதற்கு மேல் 1,500 ரூபாய் பிணையாக வைக்க வேண்டும்; 12 வகுப்புகளில் 10க்குக் குறையாமல் வந்தவர்களுக்கு அது திருப்பித் தரப்படும். இந்த அமைப்பு அவர்களே கண்டுபிடித்தது அல்ல. டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய மூட்டு நோயாளர் பயிற்சித் திட்டமும் சில விளக்க உரைகள், ஆறு வாரங்களில் 12 வகுப்புகள் என்ற இதே வடிவத்தைக் கொண்டது. அந்த வடிவத்தை எடுத்து எங்கள் ஊருக்கு ஏற்றபடி தைத்திருக்கிறார்கள். சில இடங்களில் தையல் நன்றாகப் பொருந்துகிறது. சில இடங்களில் இழுக்கிறது.

முதலில் இழுக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகிறவர்கள் முதலில் சந்திக்கப் போவதும் அதைத்தான். முழங்கால் நோவுக்காரருக்கு வகுப்பு வைத்திருக்கும் அந்த விறாந்தைக்கு ஏற மூன்று உயரமான படிகள் இருக்கின்றன. பிடித்து ஏறக் கைபிடி இல்லை. முதல் நாள் நாங்கள் பதினான்கு பேரும் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். எங்கள் பயிற்சியாளர், என் மகளை விட இளையவர், வெளியே வந்து ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றினார். ஏறும்போது நோவில்லாத காலை முதலில் வை, இறங்கும்போது நோவுக்காலை முதலில் வை என்பதே நாங்கள் அங்கே கற்ற முதல் பாடம். நல்ல பாடம்தான், வாழ்நாள் முழுவதும் உதவும். ஆயினும் கைபிடிக்கு மாற்றாக ஒரு பாடத்தை வைத்துக்கொள்ள முடியாது.

பதினான்கு பேரில் பன்னிருவர் பெண்கள். உலகில் 2019ஆம் ஆண்டில் மூட்டுத் தேய்வு நோயுடன் வாழ்ந்தவர்கள் 52.8 கோடிப் பேர் என்றும், அவர்களில் 60 வீதமானோர் பெண்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் விறாந்தையில் அந்த வீதம் இன்னும் கூட. காத்தான்குடியிலிருந்து நால்வர், ஆரையம்பதியிலிருந்து இருவர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒருவர், மிகுதிப் பேர் நகரத்தையும் கல்லடியையும் சேர்ந்தவர்கள். ஆண்கள் இருவரில் ஒருவர் நாவலடிப் பக்கத்து மீனவர். அவர் நோவுள்ள வலக்காலுக்கு வலக்கையிலேயே ஊன்றுகோல் பிடித்து வந்தார். கோலை இடக்கைக்கு மாற்றிக் கொடுத்து, வலக்கால் முன்னே போகும்போதே கோலும் முன்னே போக வேண்டும் என்று காட்டியதும், முற்றத்தில் நாலு தரம் நடந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு நாளும் பிழையான பக்கம் துடுப்புப் போட்டிருக்கன்” என்றார்.

வகுப்பு நாட்கள் திங்களும் வியாழனும், காலை ஒன்பதரை மணி. இது சிறிய விடயமாகத் தோன்றலாம். வெள்ளிக்கிழமையில் வைத்தால் கோயிலுக்குப் போகிறவரும் வரமாட்டார், ஜும்ஆ நாளில் வீட்டு வேலை கூடுதலாக உள்ளவரும் வரமாட்டார். விடியற்காலையில் வைத்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற நேரம், மூட்டும் அப்போதுதான் விறைத்திருக்கும். பின்னேரத்தில் வைத்தால் ஆனி, ஆடி மாதக் கச்சான் காற்றில் வியர்த்து ஓய்ந்து போயிருப்போம். ஒன்பதரை என்பது யாரோ எங்கள் வீடுகளை நினைத்துத் தெரிவு செய்த நேரம் என்பது எனக்கு மூன்றாவது வகுப்பில்தான் உறைத்தது.

முதல் விளக்க உரை முழுவதும் ஒரு சொல்லைப் பற்றியதாக இருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து “தேய்மானம்” என்று சொல்லக் கேட்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பயிற்சியாளர். எல்லோரும் உயர்த்தினோம். தேய்ந்த செருப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பத்திரமாக வைத்து, அவசியத்துக்கு மட்டும் போடுவோம் என்று ஆரையம்பதி அம்மா சொன்னார். முழங்காலையும் அப்படித்தானே வைத்திருக்கிறீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டபோது எனக்கு முகம் சிவந்தது, ஏனெனில் நான்கு ஆண்டுகளாக நான் செய்துவந்தது சரியாக அதுவே. மூட்டின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அது மூட்டுக்குள் உள்ள திரவத்திலிருந்துதான் ஊட்டம் பெறுகிறது. மூட்டை மடக்கி நீட்டிச் சுமை ஏற்றி இறக்கும்போதுதான், பிழிந்து விட்ட துவாய் தண்ணீரை இழுப்பதுபோல, அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. தொடைத் தசை மெலிந்தால் அது தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் தலையிலேயே விழுகிறது. செருப்பு உவமை மருத்துவர்கள் வேண்டுமென்று சொன்னதல்ல. சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. “தேய்ந்துவிட்டது” என்று கேட்ட காலை நடக்க வைக்க ஆறு படங்களுள்ள ஒரு தாளால் முடியாது என்று இப்போது நினைக்கிறேன்.

பயிற்சிகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்துத் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்தல், ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டியபடி உயர்த்துதல், சுவரைப் பிடித்துக் குதியை உயர்த்துதல், தாழ்ந்த படியில் ஏறி இறங்குதல், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து இருத்தல். எல்லாம் குளிர்சாதனப் பெட்டித் தாளில் இருந்தவைதான்.

ஆனால் நோவைப் பற்றிய விதி தாளில் இருக்கவில்லை. நான் 2020இல் வீட்டில் இரண்டு நாள் செய்துவிட்டு மூன்றாம் நாள் விட்டதற்குக் காரணம் சோம்பல் அல்ல. நோவு கூடியது, கெடுதல் செய்கிறேனோ என்று பயந்தேன். தொடக்கத்தில் நோவு கொஞ்சம் கூடலாம், தொடர்ந்து செய்தால் குறையும் என்று நோயாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு மூட்டுத் தேய்வு வழிகாட்டியிலேயே இருக்கிறது; எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. இங்கே சொன்னார்கள், அளவும் தந்தார்கள். நோவே இல்லை என்றால் பூச்சியம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஐந்து வரை போகலாம், ஐந்தைத் தாண்டினால் எண்ணிக்கையையோ உயரத்தையோ குறைக்க வேண்டும், கூடிய நோவு அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். பூச்சியமும் பத்தும் எல்லோருக்கும் பிடிபடவில்லை. படுவான்கரை அம்மாவிடம் எவ்வளவு என்று கேட்டால் எப்போதும் “கொஞ்சம்தான் மகள்” என்பார், கண்ணில் நீர் நிற்கும். அவருக்காகப் பயிற்சியாளர் கேள்வியை மாற்றினார்: இரவு நோவில் எழும்பினீர்களா, விடிய அடுப்படிக்குப் போகும்போது நேற்றையை விடக் கூடுதலா? அதற்கு அந்த அம்மா நேராகப் பதில் சொன்னார். எண்ணை விட இந்தக் கேள்விகள்தான் எனக்கும் இன்றுவரை பயன்படுகின்றன.

இனிக் காசு கொடுத்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறேன். முதல் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்கக் கொப்பி தந்தார்கள். முதற்பக்கத்தில், “உங்கள் முழங்கால் சரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று ஒரு கேள்வி, எழுத இயலாதவர்களுக்குப் பயிற்சியாளரே எழுதினார். கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தில், 1924இல் திறந்த அந்தப் பாலத்தில், நகரத்துப் பக்கமிருந்து கல்லடிப் பக்கம் வரை எங்கும் நிற்காமல் நடப்பேன் என்று நான் எழுதினேன். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தபிறகு பழையதில் பின்னேரங்களில் ஆட்கள் காற்று வாங்க நடக்கிறார்கள். நான் இரண்டு தரம் கம்பியைப் பிடித்து நின்று, வாவியில் பாடும் என்று சொல்லப்படும் மீன்களைக் கேட்பதுபோலப் பாவனை செய்துவிட்டுத்தான் மீதித் தூரம் போவேன். பயிற்சியில் எனக்குச் சோடியாகச் சேர்க்கப்பட்டு, காத்தான்குடியிலிருந்து வந்த என் சோடிக்காரி, கதிரையில் இருந்து தொழுவதை விட்டுப் பழையபடி நெற்றி தரையில் பட சுஜூது செய்ய வேண்டும் என்று எழுதினார். ஆரையம்பதி அம்மா கதிர்காமப் பாதயாத்திரை என்றார். திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று போய்க் குமண, யால காடுகளுக்குள்ளால் நடக்கிற அந்த யாத்திரையைப் பயிற்சியாளர் சிரித்து ஒதுக்கவில்லை. அடுத்த பக்கத்தில் “இந்த ஆறு வாரத்தில்” என்று ஒரு கோடு போட்டு, மாமாங்கேஸ்வரர் கோயில் வெளிவீதியை ஒரு சுற்று என்று எழுதிக் கொடுத்தார். பெரிய ஆசையை அழிக்காமல் அதன் கீழே சின்னக் கணக்கு ஒன்றை எழுதும் இந்த முறையை, முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான் வகுப்பறையில் செய்ததில்லை.

மூன்றாவது பக்கம் நேரத்தைப் பற்றியது. “தினமும் செய்வேன்” என்று எழுத அனுமதி இல்லை. எந்த வேலைக்குப் பிறகு, எந்த இடத்தில், எந்தக் கதிரையில் என்று எழுத வேண்டும். நான் காலையில் சோற்றுக்கு உலை வைத்த பிறகு என்று எழுதினேன். உலை கொதித்து அரிசி போடும் வரை குசினி வாசற்படியில் குதியை உயர்த்துவேன். அரிசி போட்டு வடிக்கும் வரை சாப்பாட்டுக் கதிரையில் எழுந்து இருப்பேன். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு புது வேலையைக் கட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை என்பது அவர்களின் வாதம். அது என் வீட்டில் உண்மையாயிற்று. பாணும் சம்பலும் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பயிற்சியும் விட்டுப்போனது, அடுப்பில் உலை இல்லாதபடியால். ஆறாவது வாரத்தில் ஞாயிறுக்கு வேறொரு கட்டுத்தறி தேட வேண்டியதாயிற்று.

சோடிமுறைதான் இந்த வகுப்பின் உயிர். இருவர் இருவராகப் பிரித்து விடுகிறார்கள். வேறு வேறு ஊர்க்காரராகவே பார்த்துச் சேர்க்கிறார்கள், ஒரே ஒழுங்கைக்காரர் என்றால் கதை பயிற்சியை விழுங்கிவிடும் என்பதால். வீட்டில் பயிற்சி முடிந்ததும் சோடிக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். எடுக்கக் கூடாது, அடித்து நின்றால் “செய்துவிட்டேன்” என்று பொருள், ஒரு சதமும் செலவில்லை. இரவு எட்டு மணி வரை அடிக்காவிட்டால் மற்றவர் உண்மையான அழைப்பு எடுத்து விசாரிக்க வேண்டும். விசாரிப்பதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு: ஏசக் கூடாது, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்க வேண்டும். என் சோடிக்காரி முதல் வாரமே அந்தக் கட்டுப்பாட்டை மீறினார். “என்ன ரீச்சர், பள்ளிக்கூடத்துப் புள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாட்டி விடுவீங்களா?” என்று அவர் கேட்ட இரவில், நான் படுக்கையிலிருந்து எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டேன். எனக்கு அவர் மீது கோபம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1,500 ரூபாய்ப் பிணையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஓய்வூதியம் உள்ள எனக்கு அது ஒரு விளையாட்டுப் போட்டி போல இருந்தது. ஒன்பதாவது வகுப்பன்று தலையிடி இருந்தும் அந்தக் காசை நினைத்தே போனேன். படுவான்கரை அம்மாவுக்கு அப்படி அல்ல. மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை இல்லை என்றாலும், பஸ் பிடித்து, இறங்கி, ஆட்டோவும் பிடித்து வருவதற்கு அவருக்கு ஒரு நாளில், அந்த ஒரு வகுப்புக்கு விழும் கட்டணத்தை விடக் கூடுதலாகச் செலவானது. மகளின் பேற்றுக்காக மூன்று நாள் வராமல் விட்டதற்கு அவரது பிணை போய்விட்டது. விதி விதிதான் என்றார்கள். வருத்தத்தோடு சொன்னார்கள், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. வராமல் விடும் சோம்பேறிக்கும் வரமுடியாமல் போன ஏழைக்கும் வேறுபாடு தெரியாத விதியை நான் பள்ளியிலும் விரும்பியதில்லை.

வேறு குறைகளும் உண்டு. எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளிகளில் சப்பாத்துப் போட்ட ஓர் இளைஞர் ஏதோ குளிரூட்டிய மண்டபத்தில் மெத்தை விரிப்பின்மேல் பயிற்சி செய்கிறார். சேலையோ அபாயாவோ உடுத்தி, பாயில் படுத்து, பிறகு அந்தப் பாயிலிருந்து எப்படி எழும்புவது என்ற எங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தரையிலிருந்து எழும்புவதை ஒன்பதாவது வகுப்பில்தான் சொல்லித் தந்தார்கள்: பக்கத்துக்குப் புரண்டு, கையூன்றி, நாலு காலில் நின்று, கதிரையைப் பிடித்து, பலமான காலை முன்னே வைத்து எழும்புதல். பாயிலும் தொழுகையிலும் பந்தியிலும் தரையில் இருக்கும் மக்களுக்கு அது முதல் வாரப் பாடமாக இருந்திருக்க வேண்டும். படியேறும் பயிற்சிக்கு வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் பயன்படுத்தலாம் என்று அச்சிட்ட தாளில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம், அது சரிந்துவிடும். வாசற்படி போதும். உடல் எடையைப் பற்றிய பேச்சும் மிக அவசரமாக முடிந்தது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் சுமை நாலு கிலோ அளவில் குறையும் என்று 2005இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார்கள். தயிரையும் பிட்டையும் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

பாரதூரமான குறை ஒன்று. எங்களோடு இருந்த ஒருவருக்கு இருந்தது மூட்டுத் தேய்வு அல்ல, முடக்குவாதம். காலையில் அவருக்கு விறைப்பு விலக ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும், விரல் மூட்டுகள் இரண்டு கைகளிலும் ஒரேமாதிரி வீங்கியிருக்கும். எங்களுக்கோ அரை மணித்தியாலத்துக்குள் விறைப்பு விட்டுவிடும். முடக்குவாதக்காரருக்கும் உடற்பயிற்சி நல்லதுதான். ஆனால் மூட்டு சூடேறி வீங்கி இருக்கும் நாட்களில் மெதுவாக அசைத்துக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டும், மருந்தும் ஒழுங்காக நடக்க வேண்டும். இரண்டாவது வாரம் வரை அவர் எங்களோடு சமமாகக் கதிரையில் எழுந்து இருந்துகொண்டிருந்தார். அதன்பிறகே கவனித்துப் பிரித்து வைத்தார்கள். சேர்க்கும்போது நோய் எது என்று கிளினிக் கொப்பியைப் பார்த்துக் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

கணக்கையும் சொல்கிறேன். முப்பது விநாடியில் கையூன்றாமல் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்பலாம் என்று முதல் நாளும் கடைசி நாளும் பார்க்கிறார்கள். எனக்கு முதல் நாள் ஏழு, கடைசி நாள் பதினொன்று. படுவான்கரை அம்மாவுக்கு முதல் நாள் பூச்சியம். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றாமல் அவரால் எழும்பவே முடியவில்லை. பத்தாவது வகுப்பில் அவர் கையை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, தலையை முன்னே கொண்டுவந்து, உதட்டைக் கடித்தபடி, கதிரை பின்னே நகர எழுந்து நின்றார். நின்றவர் இருக்க மறந்துவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு முந்தானையைச் சரிசெய்தார். அன்று அவருக்கு எண்ணிக்கை ஒன்று.

நோவு எனக்குப் போகவில்லை. முன்பு இரவில் இரண்டு தரம் எழுப்பியது, இப்போது கிழமையில் ஒரு நாள் எழுப்புகிறது. மாத்திரை குறைந்திருக்கிறது. பழைய பாலத்தை ஆடி அமாவாசைக்கு முந்திய கிழமையில் ஒரு பின்னேரம் நிற்காமல் நடந்து முடித்தேன். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கும் அந்தமுறை ஆட்டோவை வாசல்வரை கொண்டு போகச் சொல்லவில்லை. அற்புதம் எதிர்பார்ப்பவர்கள் இந்த வகுப்புக்குப் போக வேண்டாம்.

எனது பெரிய மனத்தாங்கல் பன்னிரண்டாவது வகுப்புக்குப் பிந்தியது. அன்று தேத்தண்ணீரும் வடையும் தந்து, படம் எடுத்து, வாழ்த்தி அனுப்பினார்கள், அதோடு சரி. ஒரு மாதம் கழித்து ஒரு வகுப்பு, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று மீள அழைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. நாட்பட்ட மூட்டு, தசை நோவுள்ளோர் பயிற்சியை விடாமல் செய்ய எது உதவுகிறது என்று 42 ஆய்வுகளை, 8,243 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு 2010இல் வெளியானது. எந்த வகைப் பயிற்சி என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை, மேற்பார்வையும் இடையிடையே மீண்டும் அழைத்துப் புதுப்பிப்பதும் உதவக்கூடும் என்பதே அதன் சாரம். செய்வதை நிறுத்தினால் கிடைத்த பயனும் மெல்ல வடிந்துவிடும் என்பதை என் முழங்காலே எனக்குச் சொல்லியது. கார்த்திகை மழையில், 2024இன் அந்த வெள்ளத்தில், வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றது. மகள் வீட்டுக்குப் போய் இருந்தேன். அங்கே உலை வைப்பது நான் இல்லை. ஐந்து வாரம் பயிற்சி நின்றது. சோடிக்காரியின் வீட்டிலும் அதே நிலைமை, மிஸ்ட் கோலும் நின்றது. தை பிறந்து வீட்டுக்குத் திரும்பி மணிக்கூட்டைப் பார்த்து எழுந்து இருந்தபோது எண்ணிக்கை எட்டுக்கு இறங்கியிருந்தது.

மீண்டும் தொடங்க உதவியது அந்த நாற்பது பக்கக் கொப்பியே. அதன் கடைசித் தாளில் “விட்டுப்போனால்” என்று ஒரு தலைப்பு இருந்ததை நான் ஆனியில் கவனிக்கவில்லை. கடைசியாகச் செய்த எண்ணிக்கையில் பாதியில் தொடங்கு, ஒரு வாரம் கூட்டாதே, தொடங்கும் நாளன்றே சோடிக்கு அடி என்று மூன்று வரி. அடித்தேன். அவர் விதியை மீறி எடுத்து, “உங்கட வீட்டுத் தண்ணி வத்திட்டா?” என்று கேட்டார். இதை எழுதும் இப்போது 2025 மாசி, எண்ணிக்கை பன்னிரண்டு. அவர் தரையில் தொழத் தொடங்கிவிட்டார், எழும்பும்போது மட்டும் பக்கத்தில் ஒரு கதிரை வைத்துக்கொள்கிறார்.

ஆகவே, யார் போகலாம் என்று கேட்டால், மூட்டுத் தேய்வு என்று மருத்துவர் சொல்லி, தாளும் தந்து, தாள் வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் எவரும் போகலாம். தனியாகவே ஒழுங்காகச் செய்யும் மனவுறுதி உள்ளவர்களுக்கு 6,000 ரூபாய் வீண். வாசற்படியும் கதிரையும் போதும். முடக்குவாதக்காரர் தங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, நோயின் பெயரை முதல் நாளே உரத்துச் சொல்லிச் சேர வேண்டும். முழங்கால் திடீரென்று சிவந்து சூடேறி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, விழுந்து அடிபட்டு ஊன்ற முடியாமல் போனாலோ வகுப்புக்கு அல்ல, ஆசுப்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்ற தூரத்து ஊர்க்காரர்கள் நால்வராகச் சேர்ந்து ஓர் ஆட்டோ பேசிக்கொண்டால் பிணைக்காசுக்கு அஞ்ச வேண்டியிராது. அல்லது நடத்துபவர்களே வாரத்தில் ஒரு நாள் அந்தக் கரைக்குப் போகலாம், போகச் சொல்லிக் கேளுங்கள், நானும் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வகுப்பு 2025 சித்திரை வருடப்பிறப்பு கழிந்து தொடங்குவதாகச் சொன்னார்கள். துவாய் ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு போக வேண்டும். கதிரை அவர்களே தருகிறார்கள், பிளாஸ்டிக் கதிரையை விட்டுப் பலகைக் கதிரையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்படி மூன்றுக்கும் கைபிடி போடுவதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். போகிறவர்கள் போட்டாயிற்றா என்று பார்த்துச் சொன்னால் இந்த மதிப்பீட்டில் திருத்திவிடுகிறேன்.